துணைக்கோளா, வளையமா? மேற்கோள் பட்டியல் காட்டுவதும் மறைப்பதும்

1977 மே மாதம் வெளிவந்த 'நேச்சர்' ஆய்விதழின் 267ஆம் தொகுதியில் மூன்று சிறு கட்டுரைகள் அடுத்தடுத்து அச்சாகியிருக்கின்றன. முதலாவது 328ஆம் பக்கத்திலும், இரண்டாவது 330இலும், மூன்றாவது 331இலும் தொடங்குகின்றன. மூன்றும் ஒரே நிகழ்வைப் பற்றியவை. அந்த ஆண்டு மார்ச் 10ஆம் தேதி யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்துக் கடந்தது. எலியட், டன்ஹாம், மிங்க் என்ற மூன்று அமெரிக்கர்கள் இந்தியப் பெருங்கடலின் மேல் பறந்த விமான ஆய்வகத்திலிருந்து அதைப் பார்த்தார்கள். மில்லிஸ் குழுவினர் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து பார்த்தார்கள். மூன்றாவது கட்டுரை, இன்றைய திருப்பத்தூர் மாவட்டத்தில், ஜவ்வாது மலையில் ஆலங்காயத்தை அடுத்த காவலூரிலிருந்து வந்தது. அங்கிருந்த ஒரு மீட்டர் தொலைநோக்கியில் ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் பதிவு செய்ததை அது சொல்கிறது.

கோள் மறைப்பதற்கு முன்பே விண்மீனின் ஒளி சில நொடிகள் மங்கி மீண்டதை மூன்று குழுவும் கண்டன. முதலிரு கட்டுரைகளும் அதற்குக் காரணம் வளையங்கள் என்றன. காவலூர்க் கட்டுரையின் தலைப்போ 'யுரேனசின் புதிய துணைக்கோள்'. அதே ஆண்டின் இறுதியில் பட்டாச்சார்யாவும் வைணு பாப்புவும் சேர்ந்து, 'யுரேனசைச் சுற்றிச் சனியினுடையதைப் போன்ற வளையத் தொகுதி' என்ற கட்டுரையை அதே இதழில் வெளியிட்டார்கள்: தொகுதி 270, பக்கம் 503. காவலூரின் பதிவு சரியானது. அதற்கு முதலில் தந்த விளக்கம்தான் மாறியது. இந்த மாற்றத்தைப் பிற்கால வாசகர் எப்படித் தெரிந்துகொள்கிறார்? பெரும்பாலும் ஒரு கட்டுரையின் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில் வரும் இரண்டு வரிகளிலிருந்துதான். அந்த வரிகளை எந்த வடிவத்தில் எழுதுகிறோம் என்பதைப் பொறுத்து அவருக்குத் தெரிவது கூடும், குறையும்.

ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்புகிறவர்கள் சலித்துக்கொள்ளும் வேலைகளில் முதலிடம் மேற்கோள் பட்டியலுக்கு. காற்புள்ளியா அரைப்புள்ளியா, ஆண்டு முன்னாலா பின்னாலா, இதழின் பெயர் சாய்வெழுத்திலா என்று இதழுக்கு இதழ் மாறும் விதிகளைப் பார்த்தால் சலிப்பு நியாயம்தான். ஆனால் அந்தப் புள்ளிகளுக்குப் பின்னால் தீவிரமான கேள்விகள் இருக்கின்றன. யார் கண்டது, எப்போது சொன்னது, எந்தப் பெயரில் சொன்னது, எங்கே போய்ச் சரிபார்ப்பது? நிலப் பத்திரத்தில் நான்கெல்லை எழுதுவதற்கு என்ன காரணமோ அதே காரணம்தான் இதற்கும். ஓர் எல்லை பிசகினாலும் வழக்கு வரும்.

ஒரே சான்று, மூன்று வடிவங்கள்

காவலூர்க் கட்டுரையையே எடுத்துக்கொள்வோம். வானியல் ஆய்விதழ்களில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கப்படி அது இப்படி வரும்:

பட்டாச்சார்யா ஜே.சி., குப்புசாமி கே., 1977, நேச்சர், 267, 331

இன்றைய 'நேச்சர்' பின்பற்றும் எண் முறையில்:

12. பட்டாச்சார்யா, ஜே.சி. & குப்புசாமி, கே. யுரேனசின் புதிய துணைக்கோள். நேச்சர் 267, 331 (1977).

அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஏ.பி.ஏ. முறையில் ஆண்டு அடைப்புக்குறிக்குள் ஆசிரியர் பெயரை ஒட்டி வரும். அதற்குப் பின் தலைப்பும் இதழும் தொகுதியும், தொடக்கமும் முடிவுமாகப் பக்க எண்களும், கடைசியில் டி.ஓ.ஐ. என்னும் நிலையான மின்முகவரியும் வரும். (இங்கே வாசகருக்காகத் தலைப்பைத் தமிழில் தந்திருக்கிறேன். ஆய்விதழுக்கு அனுப்பும் பட்டியலில் மூலத் தலைப்புத்தான் இருக்க வேண்டும்.)

முதல் வடிவத்தில் தலைப்பே இல்லை. அதைப் பார்க்கும் வாசகர், 1977இல் இரண்டு பேர் யுரேனஸ் பற்றி எதையோ கண்டார்கள் என்று மட்டும் அறிவார். வளையங்களைப் பற்றிய பத்தியில் இந்த வரி வந்தால், அவர்கள் வளையம் என்றே சொன்னார்கள் என்று நினைத்துக்கொள்வார். இரண்டாம் வடிவத்தில் 'துணைக்கோள்' என்ற சொல் கண்ணில் படும். வளையம் பற்றிய கட்டுரையில் துணைக்கோளுக்கு என்ன வேலை என்ற கேள்வி எழும், அந்தக் கேள்வி அவரை மூலக் கட்டுரைக்கே அழைத்துப் போகும். 1977இல் 'நேச்சர்' இதழே தன் பட்டியல்களில் தலைப்புகளை அச்சிடவில்லை. இடம் மிச்சம் பிடிப்பதற்காக ஏற்பட்ட வழக்கம், ஓர் ஆய்வின் தடுமாற்றத்தையும் திருத்தத்தையும் சேர்த்தே மறைத்துவிட்டது.

இந்த முறைகள் எங்கிருந்து வந்தன? ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் உரைக்குள்ளேயே தரும் முறையின் தொடக்கத்தை ஹார்வர்டு விலங்கியலாளர் எட்வர்டு மார்க் 1881இல் எழுதிய ஒரு கட்டுரையில் காண்கிறார்கள். அது ஓடில்லா நத்தை ஒன்றின் முட்டை வளர்ச்சியைப் பற்றியது. ஏ.பி.ஏ. விதிகள் 1929இல் ஓர் உளவியல் இதழில் சில பக்கக் குறிப்புகளாகத் தொடங்கின. இலக்கியத் துறையினர் பயன்படுத்தும் எம்.எல்.ஏ. முறையின் முதல் கையேடு 1951இல் வந்தது. மருத்துவ இதழ்களின் எண் முறை, 1978இல் கனடாவின் வான்கூவர் நகரில் கூடிய இதழாசிரியர்களால் உருவானது.

ஒவ்வொரு துறையும் தனக்கு எது முக்கியமோ அதை முன்னால் வைத்தது. விரைந்து மாறும் அறிவியலில், சான்று பழையதா புதியதா என்பதை உரையிலேயே காட்ட ஆண்டு தேவைப்பட்டது. நூற்றுக்கணக்கான சான்றுகளை அடுக்கும் மருத்துவக் கட்டுரைக்கு எண் வசதியாக இருந்தது. எந்தப் பதிப்பு, எந்தப் பக்கம் என்று பார்க்கும் இலக்கிய, வரலாற்று ஆய்வுகள் அடிக்குறிப்பைப் பிடித்துக்கொண்டன. முறைகள் பலவாக இருப்பதற்குக் காரணம் இதுதான். தன் துறைக்குப் பொருந்தாத முறையை வாங்கி வைத்துக்கொண்டு அவதிப்படும் இதழ்களும் உண்டு.

காவலூரின் இன்னொரு கட்டுரை வேறொரு சிக்கலைக் காட்டுகிறது. 1972 ஜூன் 7ஆம் தேதி வியாழனின் துணைக்கோளான கனிமீடு ஒரு விண்மீனை மறைத்தது. அதைக் கவனித்து, கனிமீடுக்கு வளிமண்டலம் உண்டு என்று வாதிட்ட கட்டுரை 1973இல் 'சயன்ஸ்' இதழில் வந்தது. ஒன்பது ஆசிரியர்களில் இரண்டாம் பெயர் பட்டாச்சார்யா. அதை மேற்கோள் காட்டும் எல்லாரும் உரைக்குள் எழுதுவது 'கார்ல்சன் மற்றும் பிறர், 1973' என்றுதான். சில இதழ்கள் பட்டியலிலும் முதல் பெயரோடு நிறுத்திவிடும். 1972ஆம் ஆண்டுதான் ஜெர்மனியின் ஜெனாவிலிருந்து வந்து நிறுவப்பட்ட காவலூர்த் தொலைநோக்கி, இப்படி 'மற்றும் பிறர்' என்பதற்குள் அடங்கிப்போகிறது.

பெயர் எந்த எழுத்தில் வரும்?

அகரவரிசைப் பட்டியல்கள் எல்லாம் ஒன்றை உண்மையென எடுத்துக்கொண்டே தொடங்குகின்றன: ஒவ்வொருவருக்கும் ஒரு குடும்பப் பெயர் உண்டு, அது கடைசியில் வரும். தமிழ்நாட்டில் பெரும்பாலோருக்கு அது இல்லை. தகப்பனார் பெயரின் முதலெழுத்து இனிஷியலாக முன்னால் நிற்கும், சொந்தப் பெயர் பின்னால் வரும்.

நோபல் பரிசு பெற்ற மூன்று தமிழர்களின் பெயர்களைப் பார்த்தால் குழப்பத்தின் அளவு தெரியும். சுப்பிரமணியன் சந்திரசேகரின் தகப்பனார் பெயர் சுப்பிரமணியன். பட்டியல்களில் 'சந்திரசேகர், எஸ்.' என்று வரும்போது, சொந்தப் பெயர் குடும்பப் பெயரின் இடத்தில் உட்காருகிறது. நம் வழக்கப்படி இது சரி. வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனுக்கு நேர்மாறாக நடந்தது. அவருடைய தகப்பனார் சி.வி. ராமகிருஷ்ணன், பரோடாவில் உயிர்வேதியியல் பேராசிரியராக இருந்தவர். மகனுடைய ஆய்வுகள் எல்லாம் உலகெங்கும் 'ராமகிருஷ்ணன், வி.' என்று தகப்பனார் பெயரில் அடுக்கப்படுகின்றன. சி.வி. ராமனின் 'சி' தகப்பனார் சந்திரசேகரனைக் குறிக்கும். 'வி', வெங்கட்ராமன் என்ற அவருடைய சொந்தப் பெயரின் முன்பாதி. பெயரை இரண்டாக உடைத்து, பின்பாதியைத்தான் உலகம் 'ராமன் விளைவு' என்று அழைக்கிறது. மூவருக்கு மூன்று விதம்.

காவலூர் வானாய்வகத்தை நிறுவிய வைணு பாப்புவின் கதை இன்னும் நுட்பமானது. மலையாளக் குடும்பத்தில் பிறந்த அவருடைய முழுப்பெயர் மணாலி கல்லாட்டு வைணு பாப்பு. ஹைதராபாத் நிஜாமியா வானாய்வகத்தில் பணியாற்றிய தகப்பனாரின் பெயரும் பாப்புதான். 1957இல் ஓலின் வில்சனும் இவரும் சேர்ந்து 'ஆஸ்ட்ரோஃபிசிக்கல் ஜர்னல்' இதழின் 125ஆம் தொகுதி, 661ஆம் பக்கத்தில் வெளியிட்ட கட்டுரைதான், விண்மீன் நிறமாலையில் கால்சியம் கோட்டின் அகலத்தைக் கொண்டு அதன் உண்மையான ஒளிர்வை அறியும் வழியைக் காட்டியது. அதற்கு 'வில்சன்–பாப்பு விளைவு' என்று பெயர். அந்தக் கட்டுரையைச் சிலர் 'வில்சன், பாப்பு' என்று குறிக்கிறார்கள். வேறு சிலர் 'வில்சன், வைணு பாப்பு' என்கிறார்கள். ஒரே மனிதர் ஆங்கில அகரவரிசையில் இரண்டாம் எழுத்தின் கீழும் வருகிறார், இருபத்திரண்டாம் எழுத்தின் கீழும் வருகிறார். பெயரைத் தேடி எண்ணிக்கை எடுக்கும் கணினிக்கு அவர்கள் இரண்டு பேர்.

வானியலாளர்கள் நாள்தோறும் பயன்படுத்தும் நாசாவின் கட்டுரைத் தரவகம் ஒவ்வொரு கட்டுரைக்கும் 19 குறிகள் கொண்ட ஓர் அடையாளம் தருகிறது. ஆண்டுக்கு நான்கு இடம், இதழின் சுருக்கத்துக்கு ஐந்து, தொகுதிக்கு நான்கு, இடையில் ஒன்று, பக்கத்துக்கு நான்கு. கடைசி இடம் முதல் ஆசிரியர் பெயரின் முதலெழுத்துக்கு. இந்த ஓர் எழுத்துக்காகவாவது குடும்பப் பெயர் எது என்று யாரோ ஒருவர் முடிவு செய்தாக வேண்டும். நாம் முடிவு செய்யாவிட்டால் படிவம் முடிவு செய்துவிடும். கட்டுரையை இணையத்தில் சமர்ப்பிக்கும்போது 'கடைசிப் பெயர்' கட்டத்தை வெறுமனே விட முடியாது என்பதால் இனிஷியலை அதில் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. அப்புறம் உலகப் பட்டியல்களில் அவர் வெறும் 'கே' அல்லது 'எம்' ஆகிவிடுவார். சொந்தப் பெயர் சுருங்கி ஓர் எழுத்தாகிவிடும். திருமணத்துக்குப் பின் இனிஷியலை மாற்றிக்கொள்ளும் பெண் ஆய்வாளர்களின் பழைய கட்டுரைகள் வேறொருவருடையவைபோலத் தனியே நின்றுவிடும்.

இதற்கு 2012இல் வந்த ஒரு வழி ஆர்க்கிட் எண். ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் 16 இலக்கம். பெயர் எப்படி மாறினாலும் எண் மாறாது. முதல் கட்டுரையை அனுப்பும் முன் அந்த எண்ணைப் பெற்றுக்கொள்வதும், எந்தப் பெயரில் எழுதப்போகிறோம் என்று ஒருமுறை தீர்மானித்துக் கடைசிவரை அதையே எழுதுவதும், எந்த மென்பொருளைக் கற்பதைவிடவும் அவசரமான வேலைகள்.

மலையைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு

ஜவ்வாது மலையைப் பற்றிய ஆய்வுகளைத் தேடுகிறவர் முதலில் எழுத்துக்கூட்டல் காட்டில் நுழைய வேண்டும். ஆங்கிலத்தில் ஜவாடி, ஜவாது, ஜவ்வாது என்று பல வடிவங்கள். திருப்பத்தூர் என்ற பெயரோ சிவகங்கை மாவட்டத்திலும் உண்டு. மாவட்டப் பெயரும் நிலையாக இல்லை. திருப்பத்தூர் தனி மாவட்டமானது 2019 நவம்பரில். அதற்கு முன் வேலூர், அதற்கும் முன் வட ஆற்காடு. ஒரு பழைய கட்டுரையின் தலைப்பில் 'வட ஆற்காடு மாவட்டம்' என்று இருந்தால் அதை இன்றைய பெயருக்கு மாற்றக் கூடாது. 'புதிய துணைக்கோள்' என்ற தலைப்பை 'வளையம்' என்று திருத்த முடியாததற்கும் இதற்கும் விதி ஒன்றே. தலைப்பு அச்சான நாளின் சாட்சி. விளக்கம் வேண்டுமானால் நம் உரையில் தரலாம்.

தாவரவியலில் ஒரு பெயரே மேற்கோளாக நிற்கும். சந்தன மரத்தின் அறிவியல் பெயரான 'சான்டாலம் ஆல்பம்' என்பதை அடுத்து 'எல்.' என்று ஓர் எழுத்து வருவதைப் பார்க்கலாம். அப்பெயரை இட்டவர் லின்னேயஸ் என்பதன் சுருக்கம் அது. அந்த ஓரெழுத்து 1753ஆம் ஆண்டின் ஒரு நூலுக்கு வழிகாட்டுகிறது. ஆய்வாளர் தான் பார்த்த செடி உண்மையில் அதுதானா என்பதற்கு, காயவைத்து ஒட்டிய மாதிரியின் எண்ணையும் தர வேண்டும். திருச்சி புனித வளனார் கல்லூரியின் ராபினாட் உலர்தாவரகமோ, கோயம்புத்தூரில் உள்ள மதராஸ் உலர்தாவரகமோ, எங்கே அது இருக்கிறது என்று சொல்ல வேண்டும். மாதிரி எண் இல்லாத மூலிகைப் பட்டியலைச் சரிபார்க்க வழியே கிடையாது.

இத்துறையில் எல்லாரும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கும் நூல், கேம்பிள் எழுதத் தொடங்கிய 'மதராஸ் மாகாணத்தின் தாவரங்கள்'. 1915 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வந்தது. கேம்பிள் 1925இல் இறந்துபோக, எஞ்சிய பகுதிகளை ஃபிஷர் எழுதி முடித்தார். 1957இல் இந்தியத் தாவர மதிப்பாய்வகம் அதை மறுபதிப்பாக வெளியிட்டது. நூலகத்தில் கிடைப்பது மறுபதிப்பு என்பதால் 'கேம்பிள், 1957' என்று எழுதிவிடுகிறார்கள். இறந்து 32 ஆண்டுகள் கழித்து அவர் எழுதியதாக ஆகிவிடுகிறது. கடைசிப் பகுதிகளில் வரும் செடிக்குக் கேம்பிளைச் சுட்டினால் ஃபிஷர் காணாமல் போகிறார். தமிழ்த் துறையிலும் இதே கதைதான். உ.வே. சாமிநாதையரின் புறநானூற்றுப் பதிப்பு முதலில் வந்தது 1894இல். கையில் இருக்கும் மறுபதிப்பின் ஆண்டை மட்டும் போட்டால், பதிப்பு வரலாற்றில் ஒரு நூற்றாண்டு கரைந்துவிடும். முதற்பதிப்பின் ஆண்டு, பயன்படுத்திய பதிப்பின் ஆண்டு இரண்டையும் தருவதற்கு எந்த முறையிலும் தடை இல்லை.

இவற்றையெல்லாம்விடப் பெரிய கேள்வி, அச்சில் வராத அறிவைப் பற்றியது. ஜவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரிடம் கேட்டு எழுதும் மூலிகைக் கட்டுரைகளில், செடிக்குப் பெயரிட்ட ஐரோப்பியர் பட்டியலில் இருப்பார். அதற்கு முன் அதே செடியைப் பற்றி எழுதிய ஆய்வாளர்கள் எல்லாரும் இருப்பார்கள். இன்ன நோய்க்கு இன்ன இலை என்று சொன்ன பெரியவர் மட்டும் 'தகவலாளர்' என்ற ஒரு சொல்லாக நிற்பார். ஏ.பி.ஏ. விதிப்படி நேரில் கேட்ட செய்தியை உரைக்குள் மட்டும் சொல்லலாம், பட்டியலில் சேர்க்கக் கூடாது. வாசகர் போய்த் தேடி எடுக்க முடியாது என்பது காரணம். கனடாவில் லொரிசியா மக்லவுட் என்ற நூலகர் 2021இல் இதற்கு மாற்றாக ஒரு வடிவத்தை முன்வைத்தார். சொன்னவர் பெயர், அவருடைய இனம், ஊர், பொருள், நாள் ஆகியவற்றோடு மற்ற ஆசிரியர்களைப் போலவே அவரையும் பட்டியலில் சேர்க்கும் வடிவம் அது. நம் மலைகளைப் பற்றிய ஆய்வுகளிலும் இதைச் செய்யலாம். சொன்னவர் சம்மதம் வேண்டும். பெயர் வேண்டாம் என்று அவர் சொன்னால் அதற்குக் கட்டுப்பட வேண்டும். ஆனால் அந்த முடிவு அவருடையதாக இருக்க வேண்டும், வடிவமைப்பு விதியுடையதாக இருக்கக் கூடாது.

பார்க்காமலே எடுத்தெழுதுவது

பட்டியலில் பிழை எப்படி வருகிறது? தட்டச்சில் தவறுவது கொஞ்சம். இன்னொருவர் பட்டியலிலிருந்து அப்படியே எடுத்துக்கொள்வதால் வருவது அதிகம். சிம்கின், ராய்சௌத்ரி என்ற இரு ஆய்வாளர்கள் 2003இல் இதை ஒரு சாமர்த்தியமான வழியில் காட்டினார்கள். ஒரு புகழ்பெற்ற கட்டுரையின் பக்க எண்ணை ஒருவர் தவறாக எழுதினால், அதே தவறு எத்தனை பட்டியல்களில் திரும்ப வருகிறது என்று பார்த்தார்கள். மூலத்தைப் படித்துவிட்டு மேற்கோள் காட்டுகிறவர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான் என்பது அவர்கள் மதிப்பீடு.

இல்லாத கட்டுரையே மேற்கோளான கதையும் உண்டு. எல்செவியர் பதிப்பகம் ஆசிரியர்களுக்கான வழிகாட்டியில், பட்டியல் எப்படி இருக்க வேண்டும் என்று காட்ட ஒரு கற்பனைக் கட்டுரையை மாதிரியாகத் தந்திருந்தது. அறிவியல் கட்டுரை எழுதும் கலையைப் பற்றி, 2000ஆம் ஆண்டில் மூவர் எழுதியதாக அதில் இருக்கும். மாதிரி வரியை அழிக்க மறந்தவர்களால் அது நூற்றுக்கணக்கான கட்டுரைகளின் பட்டியலில் இடம்பெற்றதை ஆன்-வில் ஹார்சிங் என்ற ஆய்வாளர் 2017இல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். இப்போது இந்த வேலையைச் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இன்னும் மிடுக்காகச் செய்கின்றன. ஆசிரியர், இதழ், தொகுதி, பக்கம் எல்லாம் புள்ளி பிசகாமல் இருக்கும், கட்டுரை மட்டும் இருக்காது. 2023இல் நியூயார்க் நீதிமன்றம் ஒன்று, இப்படிப் பிறந்த பொய்த் தீர்ப்புகளைச் சான்றாகக் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதித்தது. வடிவம் சரியாக இருப்பது உண்மைக்கு அடையாளம் என்று நம்பிய காலம் முடிந்துவிட்டது.

1985இல் வந்த பிப்டெக், 2006இல் வந்த ஜோட்டெரோ போன்ற மென்பொருள்கள் புள்ளிகளையும் காற்புள்ளிகளையும் பார்த்துக்கொள்ளும். ஓர் இதழ் திருப்பி அனுப்பினால், அடுத்த இதழின் முறைக்குப் பட்டியல் முழுவதையும் ஒரே சொடுக்கில் மாற்றிவிடலாம். ஆனால் அதற்குள் போடும் விவரம் நம்முடையது. ஆகவே படிக்கும்போதே எல்லா விவரத்தையும் முழுமையாகச் சேர்த்துவைப்பது நல்லது: ஆசிரியர்கள் அனைவரின் பெயர், மூலத் தலைப்பு, முதற்பதிப்பு ஆண்டு, தொகுதி, முழுப் பக்க எல்லை, டி.ஓ.ஐ. வேண்டாததை வெட்டுவது எளிது. விட்டுப்போனதைத் தேடுவதற்குள் சமர்ப்பிக்க வேண்டிய நாள் கடந்துவிடும்.

தமிழ் ஆய்விதழ்கள் செய்ய வேண்டியது

தமிழில் 'மேலது', 'மு.நூ.' என்று அடிக்குறிப்பு எழுதும் மரபு பல்கலைக்கழக ஆய்வேடுகளில் நன்றாகவே வேரூன்றியிருக்கிறது. பட்டியல் என்று வந்தால் ஒருமித்த முறை இல்லை. மு. வரதராசனை ஓர் இதழ் 'மு'வில் வைக்கும், இன்னொன்று 'வ'வில் வைக்கும். இரண்டுக்கும் காரணம் சொல்லலாம். ஆனால் தமிழ்ப் பெயருக்குள் இல்லாத குடும்பப் பெயரைத் தேடி 'வரதராசன், மு.' என்று திருப்பிப்போட வேண்டிய கட்டாயம் தமிழ் இதழுக்கு ஏன்? பெயரை இயல்பான வரிசையிலேயே எழுதி, சொந்தப் பெயரின் முதலெழுத்தில் அகரவரிசைப்படுத்தலாம். 'மு. வரதராசன்' என்று எழுதி 'வ'வில் வைத்தால் வாசகருக்குக் குழப்பம் வராது.

ஆங்கில இதழுக்குப் போகும்போது தமிழ் நூலின் தலைப்பை ஒலிபெயர்த்து, பக்கத்தில் பொருளையும் தர வேண்டும். ஆசிரியர் தம் பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதினாரோ அந்த எழுத்துக்கூட்டலை மதிக்க வேண்டும். கா. சிவத்தம்பியின் பெயரை இலக்கண சுத்தமான ஒலிபெயர்ப்பில் எழுதினால், அவர் பெயரைத் தேடுகிற எவருக்கும் அது அகப்படாது.

ஆய்விதழ் நடத்துகிறவர்கள் இதையெல்லாம் இரண்டு பக்கத்தில் எழுதி இதழின் முகப்பில் போடலாம். பெயர் வரிசை, முதற்பதிப்பு ஆண்டு, கட்டுரைத் தலைப்பு, தாவர மாதிரி எண், சம்மதம் இருந்தால் வாய்மொழி தந்தவர் பெயர் ஆகிய ஐந்தையும் கட்டாயமாக்கினால் போதும். காற்புள்ளி எங்கே வர வேண்டும் என்பதை மென்பொருளிடம் விட்டுவிடலாம். கட்டுரையை மதிப்பிடுகிறவர்கள் பட்டியலில் இரண்டு மூன்று வரிகளையாவது எடுத்து, மூலத்தைத் திறந்து பார்க்க வேண்டும். புள்ளி பிசகியதற்காகக் கட்டுரையைத் திருப்பி அனுப்பும் நேரத்தில் பாதி இதற்குப் போதும்.